இருபத்தைந்தாவது ஆள்

எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு குளமும் அதைச் சுற்றி ஒரு சின்னக் காடும் உண்டு. அவற்றைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சங்கத் தலைவர் என் மனைவியின் அண்ணன். அதனால்தான் எனக்கு இந்த வேலை கிடைத்தது என்று ஊரே பேசுகிறது. பொய்யில்லை. அதே காரணத்தால்தான் என்னால் இந்த வேலையை விட்டு ஓடவும் முடியவில்லை என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை.

குளத்தைச் சுற்ற இரண்டு பாதைகள். கீழ்ப்பாதை சமதளம், சரளைக்கல் போட்டது. மேட்டுப்பாதை மரங்களுக்குள் ஏறி இறங்கும். மூச்சு வாங்க விரும்பாத எவரும் கீழ்ப்பாதையில்தான் நடப்பார்கள். ஓர் ஆள்காட்டிப் பறவையும் அங்கேதான் முட்டையிட்டது. பாதைக்கு நட்டநடுவே, சரளையோடு சரளையாக நான்கு முட்டைகள். காடு முழுக்கக் கிடக்கும்போது உனக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா என்று கேட்டேன். தலைக்கு மேலே பறந்து வந்து என்னைத் திட்டித் தீர்த்தது.

போன வருடமும் இதே இடம்தான். நான் கவனிப்பதற்குள் ஒரு சைக்கிள் ஏறி நான்கும் போய்விட்டன. அப்புறம் இரண்டு நாள் அந்தப் பறவை வெறும் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தது. அதை இன்னொரு தடவை பார்க்கிற தெம்பு எனக்கு இல்லை. ஆகவே இந்தத் தடவை பாதையின் இரு பக்கமும் கயிறு கட்டி, ஒரு பலகை எழுதி வைத்தேன்: "இங்கே பறவை முட்டையிட்டிருக்கிறது. யாரும் அருகில் வர வேண்டாம்."

நான் செய்த முட்டாள்தனங்களில் இது முதல் மூன்றுக்குள் வரும். அதுவரை விஷயம் எனக்கும் பறவைக்கும் மட்டும்தான் தெரியும். அன்று சாயங்காலம் கயிற்றோரம் நாற்பது பேர் நின்றார்கள். குடும்பத்தோடு வந்த ஒருவர், "போட்டோல சரியா விழ மாட்டேங்குது. முட்டைய கொஞ்சம் வெளிச்சத்துல தள்ளி வைக்க முடியுமாங்க?" என்று கேட்டார்.

மறுநாள் காலை தலைவர் வந்தார், கையில் சங்க விதிப்புத்தகத்தோடு. கூட்டம் என்றால் என் மச்சானுக்கு உயிர். அதற்கென்றே சொந்தமாக ஒரு பித்தளை மணி வைத்திருக்கிறார்.

"மாப்பிள்ளை, பொதுக்குழு முடிவு இல்லாம பாதைய மூடக் கூடாது."

"அப்ப கயித்த அவுத்துடவா மச்சான்?"

"அவுக்கவும் பொதுக்குழு முடிவு வேணும். கட்டினது கட்டினபடி இருக்கட்டும். கூட்டம் போட்டு ஓட்டு எடுப்போம்."

கூட்டம் செல்லுபடியாக இருபத்தைந்து உறுப்பினர்கள் வேண்டும். எந்த இடத்தைப் பற்றிய கூட்டமோ, அந்த இடத்திலேயே அறிவிப்பு வைக்க வேண்டும். இரண்டும் விதி. என் பலகையைப் பிடுங்கிவிட்டு அவர் தன் பலகையை நட்டார்: "பொதுக்குழுக் கூட்டம். ஞாயிறு காலை ஏழு மணி. இடம்: இங்கே. உறுப்பினர்கள் தவறாமல் வரவும். தலைவர் உரையாற்றுவார்."

அந்த நிமிடத்திலிருந்து அந்தப் பக்கம் ஈ காக்கை இல்லை. தூரத்தில் வரும்போதே பலகையைப் படிப்பார்கள். தங்களை யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்ப்பார்கள். சத்தமில்லாமல் மேட்டுப்பாதையில் ஏறிவிடுவார்கள். ஒருவர் என் கண்முன்னே நின்றுகொண்டே, "நான் வெளியூர்ல இருக்கேன், ஞாயித்துக்கிழமை முடியாது" என்று யாருக்கோ போனில் சொன்னார். கயிறும் கெஞ்சலும் செய்யாததை ஒரு கூட்ட அறிவிப்பு செய்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமை, பறவையைத் தொந்தரவு செய்யாமல் ஐம்பது அடி தள்ளி நாற்காலிகள் போட்டேன். தலைவர் வந்தார், செயலாளர் வந்தார். சம்பளக்காரன் என்பதால் நான் கணக்கில் சேர்த்தி இல்லை; எங்கள் வீட்டில் உறுப்பினர் என் மனைவிதான். விதிப்படி அரைமணி நேரம் காத்திருந்து, மணி அடித்து, அடுத்த ஞாயிற்றுக்கு ஒத்திவைத்தார்கள். அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்ததும். ஆறு வருடமாக அவர் கூட்டிய ஒரு கூட்டத்துக்கும் இருபத்தைந்து பேர் சேர்ந்ததில்லை. எழுதி வந்த உரையை மடித்துச் சட்டைப்பையில் வைக்கும்போது பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் முட்டைகளுக்கு மூன்று வாரம் ஓடிவிட்டதே என்று உள்ளுக்குள் ஒரே குஷி.

வீட்டில்தான் இடி. என் மனைவிக்கு இரண்டு முழங்காலிலும் வலி. தினமும் சமதளத்தில் நடந்தே ஆக வேண்டும், படியோ ஏற்றமோ கூடாது என்பது டாக்டர் உத்தரவு. மூன்று வாரமாக நடையில்லாமல் கால்கள் மரக்கட்டையாகிவிட்டன.

"பறவைக்கு நாலு முட்டை, எனக்கு ரெண்டு முழங்கால். நீங்க எந்தக் கட்சின்னு தெளிவா சொல்லிடுங்க."

என்ன சொன்னாலும் அன்று சோறு கிடைக்காது. தினமும் ஒவ்வொரு சுற்றையும் நேரம் பார்த்து ஓடுகிற ஒரு பெரியவர், நாங்கள் ஸ்டாப்வாட்ச் என்று அழைக்கிறவர், மேட்டுப்பாதையில் ஓடி ஓடித் தன் ஓட்டக் கணக்கே கெட்டுப்போனதாகக் குமுறி, பாதையைத் திறக்கச் சொல்லி வீடுவீடாகக் கையெழுத்து வாங்கினார். அதில் முதல் கையெழுத்து என் மனைவியுடையது.

நான்காவது ஞாயிறு விடியற்காலையில் போய்ப் பார்த்தேன். ஒரு முட்டையில் கீறல் விழுந்திருந்தது. உள்ளேயிருந்து மெல்லிய குரல் கேட்டது. இன்னும் ஒரே ஒரு நாள் போதும். சந்தோஷத்தில் திரும்பினால், ஸ்டாப்வாட்ச் ஒரு படையோடு வந்துகொண்டிருந்தார்.

தலைவர் இரண்டு தடவை எண்ணினார். "இருபத்திநாலு! இன்னும் ஒரே ஒரு ஆள்!" வந்தவர்கள் எல்லாரும் ஓட்டம், நடை, சைக்கிள் ஆட்கள். ஓட்டெடுத்தால் அடுத்த நிமிடம் கயிறு அவிழும். முதல் சுற்று ஓட ஸ்டாப்வாட்ச் அப்போதே ஷூ நாடாவை இறுக்கிக்கொண்டிருந்தார்.

அப்போது என் மனைவி மெதுவாக நடந்து வந்தாள்.

"வாம்மா வா!" என்று தலைவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "ஆறு வருஷத்துல முதல் தடவை. அண்ணனுக்காக உட்காரு."

அவள் என்னைப் பார்த்தாள். "ஏன் முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"ஒண்ணு பொரிய ஆரம்பிச்சிடுச்சு. உள்ளேருந்து கத்துது. நாளைக்குள்ள எல்லாம் வெளிய வந்துடும்" என்றேன். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. வலி அவளுடையது, கேட்க எனக்கு ஏது முகம்?

அவள் நாற்காலியைப் பார்த்தாள். கயிற்றைப் பார்த்தாள். "அண்ணா, நான் கூட்டத்துக்கு வரல. நடக்க வந்தேன்."

"கீழ்ப்பாதை மூடியிருக்கேம்மா."

"அதான் மேல போறேன்."

சொல்லிவிட்டு மேட்டுப்பாதையில் ஏறினாள். ஓர் அடி வைத்து மரத்தைப் பிடித்தாள். இன்னோர் அடி, இன்னொரு மரம். நான் ஓடினேன். "நீங்க வராதீங்க! கயித்துகிட்டயே நில்லுங்க!" என்று திரும்பாமலே அதட்டினாள். நின்றேன். ஒவ்வோர் அடியும் என் நெஞ்சில் விழுந்தது.

ஸ்டாப்வாட்ச் வெறிபிடித்தவர்போல எல்லோருக்கும் போன் செய்தார். மொத்தக் குடியிருப்பும் வெளியூரில் இருந்தது. அரைமணி முடிந்ததும் தலைவர் அவரிடமே, "மணி என்ன?" என்று கேட்டார். அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். "ஏழு முப்பது... ரெண்டு செகண்ட்" என்றார் அழாத குறையாக. மணி அடித்தது. கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

"இவ்வளவு பேர் வந்திருக்கீங்க. கூட்டம் இல்லாட்டியும் உரை உண்டு" என்று தலைவர் பையிலிருந்து தாளை எடுத்தார். ஸ்டாப்வாட்ச் தன் வாழ்நாளிலேயே மிக வேகமாக ஓடியது அன்றைக்குத்தான்.

திங்கட்கிழமை சாயங்காலம் வீடு திரும்பியபோது அவள் கால்களை முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தாள். முழங்கால்கள் வீங்கியிருந்தன. தைலத்தை எடுத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தேன்.

"எத்தனை?"

"நாலும்."

"பறந்துடுச்சா?"

"இறகே முளைக்கல. அம்மா பின்னாடி நாலும் நடந்தே புதருக்குள்ள போயிடுச்சு. பொரிஞ்ச அன்னைக்கே."

தன் முழங்கால்களைப் பார்த்தாள். பிறகு, "கொடுத்து வச்ச காலுங்க" என்றாள்.

தைலம் தேய்ப்பதில் மும்முரமாக இருப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

"நாளைக்குக் கயித்த அவுத்துடுங்க."

"அவுக்கப் பொதுக்குழு முடிவு வேணுமே. இருபத்தஞ்சு பேருக்கு எங்க போறது?"

அவள் கை நீட்டி மேசை இழுப்பறையைத் திறந்து, கத்தரிக்கோலை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"அண்ணன்கிட்ட நான் பேசிக்கறேன். காலைல என்னைக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போங்க."