இடது கை நின்ற நேரம்

காலை ஒன்பது மணிக்கு ஒத்திகை தொடங்கியபோது அப்பாவின் இடது கை அக்கார்டியனின் பொத்தான்களைத் தேடிக்கொண்டிருந்தது. முப்பது ஆண்டுகளாக அவர் கண்ணால் பார்க்காமலே தொட்டு வந்த பொத்தான்கள் அவை. வலது கை வழக்கம்போல் மெட்டை வாசித்தது. இடது கை தர வேண்டிய கீழ்ச்சுரங்கள் மட்டும் இரண்டுக்கு ஒன்று வந்து சேரவில்லை.

"என்னப்பா, இடது கைக்கு இன்னிக்கு லீவா?" என்றான் டிரம்ஸ் வாசிக்கும் மகன்.

"தூக்கத்துல அது மேலயே படுத்துட்டேன்டா. எழுந்ததுலேருந்து மரத்துக் கிடக்கு. மதியத்துக்குள்ள முழிச்சுக்கும்."

"கையாவது தூங்கிச்சே! உங்க குறட்டையில இந்த வீட்டுல வேற யாரு தூங்கினா?" என்றாள் அம்மா. அவள்தான் அந்த நால்வர் குடும்ப இசைக்குழுவின் பாடகி.

எல்லோரும் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள், சிரித்தபடியே, விடுபட்ட சுரங்களைத் தன் பேஸ் கிட்டாரில் நிரப்பத் தொடங்கினாள். யாரும் அவளிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை.

அந்த வீட்டில் அது சட்டம். ஒருவர் தவறினால் மற்ற மூவரும் அந்தத் தவறுக்குள் இறங்கிவிட வேண்டும். "நாலு பேரும் சேர்ந்து தப்பு பண்ணினா அது தப்பில்ல, புது மெட்டு" என்பார் அப்பா. ஒருமுறை அம்மா இரண்டாம் சரணத்தை மறந்து முதல் சரணத்தையே மீண்டும் பாடினாள். மூவரும் கண்ணிமைக்காமல் அவளுடன் திரும்பிப் போனார்கள். அரங்கத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அதைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை. சட்டத்தை வகுத்தவர் அப்பா. அதைக் கட்டிக்காத்தவள் அம்மா.

மாலை நான்கு மணிக்கு ஒரு சிமெண்ட் நிறுவனத்தின் ஆண்டு விழாவில் மேடையேறினார்கள். காலையில் பாதியாவது வந்த கீழ்ச்சுரம் அங்கே நான்கில் ஒன்றாகக் குறைந்தது. மகளின் விரல் நுனிகள் எரிந்தன. ஐந்தாவது பாட்டில் அப்பாவின் வேகமே தளர்ந்தது. அம்மா மூச்சை இழுத்துச் சொற்களை நீட்டினாள். மகன் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, டிரம்ஸின் ஓசையைத் தணிக்கும் பிரஷ்களை எடுத்துக்கொண்டான். மகள் அடிக்கு அடி வேகத்தைக் குறைத்து இறங்கினாள். அப்பா எங்கே போனாரோ, மூவரும் அங்கே போனார்கள். வேண்டுமென்றே அவ்வாறு அமைத்தார்கள் என்று எண்ணிய அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

அப்பா எழுந்திருக்கவில்லை. அக்கார்டியனின் துருத்தி திறந்தபடியே மடியில் சரிந்து, ஒரு நீண்ட முனகலுடன் காற்றை விட்டது. அவருடைய வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது.

மருத்துவமனையில் இளம் பெண் மருத்துவர் ஒருவர் பேனாவும் தாளுமாக வந்தார். "கடைசியா அவர் முழுசா நல்லா இருந்தது எப்போ?"

"அஞ்சு மணி வரைக்கும் மேடையில வாசிச்சாரு. ஒரு குறையும் கிடையாது," என்றாள் அம்மா. வெளியாள் ஒருவர் கணவரின் வாசிப்பைப் பற்றிக் கேட்டால் அவள் வாயில் வரும் பதில் அது.

மருத்துவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நாற்பது. "அப்ப ஊசி போடலாம். மூளையில அடைச்சிருக்கிற ரத்தக்கட்டியைக் கரைக்கிற மருந்து. ஆனா ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். அதுக்கு மேல ஆயிருந்தா மூளைக்குள்ள ரத்தம் கசியலாம், உயிரே போகலாம். அதனாலதான் திருப்பிக் கேக்கறேன். காலைலேருந்து தடுமாற்றம், கை மரத்துப்போறது, ஏதாச்சும் இருந்துதா?"

அம்மாவுக்கு இப்போது முழுவதும் புரிந்தது. ஐந்து என்றால் மருந்து உண்டு; ஒன்பது என்றால் இல்லை.

"இல்ல. அஞ்சுதான்."

மகன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். "ஆமாங்க. அஞ்சுதான்."

மருத்துவர் மகள் பக்கம் திரும்பினார். "நீங்க?"

தூங்கி மரத்த கை நேரம் ஆக ஆகத் தெளியும். இந்தக் கை நேரம் ஆக ஆகக் குறைந்தது. எவ்வளவு குறைந்தது என்பதை அவளைப் போல் அறிந்தவர் எவருமில்லை, ஏனெனில் குறைந்ததை எல்லாம் வாசித்தவள் அவள். 'அஞ்சு' என்ற ஒரு சொல்லில் அவர் எழுந்து வாசிக்கக்கூடும். அதே சொல்லில் செத்தும் போகக்கூடும்.

"காலைல ஒன்பது மணிக்கே இடது கை வரல," என்றாள். "எழுந்ததுலேருந்தே மரத்திருந்துதுன்னு சொன்னாரு. விட்ட இடத்தையெல்லாம் நான்தான் வாசிச்சேன்."

"ஏய்! அது மேல படுத்ததுல மரத்த கைடி. அது வேற, டாக்டர், இது வேற!"

"வேற இல்லம்மா."

மருத்துவர் எழுதியிருந்ததை அடித்தார். மருந்துத் தட்டுடன் நின்ற நர்ஸ் திரும்பிப் போனாள். அம்மா அவள் பின்னாலேயே நாலடி நடந்து, பிறகு நின்றுவிட்டாள்.

அப்பா பிழைத்தார். மூன்றாம் நாள் கண் திறந்தார். இடப்பக்கம் அசையவில்லை, பேச்சு குழைந்து வந்தது. வராந்தாவில் மருத்துவரை மறித்து அம்மா கேட்டாள்: "அன்னிக்கு ஊசி போட்டிருந்தா?"

"கை பிழைச்சிருக்கலாம், ஆளே போயிருக்கலாம். என்னால சொல்ல முடியாதுங்க. கை வரலன்னு தெரிஞ்ச உடனே கூட்டிட்டு வந்திருந்தா நிறைய வழி இருந்திருக்கும்."

மருத்துவர் போனபின் மூவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மகன் தலையைத் தூக்கவே இல்லை.

"இத்தனை வருஷத்துல ஒரு பாட்டுல கூட நீ தனியா நின்னதில்ல," என்றாள் அம்மா மகளிடம். "ஒன்பது மணிக்கே தெரிஞ்சவ ஒன்பது மணிக்கே வாயைத் திறக்க வேண்டியதுதானே?"

"உங்களுக்கும் தெரியும்மா. அஞ்சாவது பாட்டுல அவர் இறங்கினப்ப, முதல்ல இறங்கினது நீங்க."

அம்மா மறுக்கவில்லை.

"எழுந்து நின்னு கைதட்டினாங்களேடி," என்றாள்.

கதவைத் திறந்த நர்ஸ், ஒருவர் மட்டும் உள்ளே வரலாம் என்றாள். மகள் எழுந்தாள். அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தாள். ஆனால் தானும் எழுந்திருக்கவில்லை.