ஹக்கபி வீட்டுக்குப் போகும் வழி

மார்னி டோல்சனின் கைபேசியோடு வந்த வரைபடச் செயலி, ஒரு செவ்வாய்க்கிழமை தானாகவே புதுப்பித்துக்கொண்டது. சாலைகள் வெளிறிப்போய், உணவகப் படங்கள் மட்டும் பெரிதாகத் தெரிந்தன. முன்பெல்லாம் சிக்னல் போனாலும் வரைபடம் அப்படியே நிற்கும். இப்போது வெறும் சாம்பல் கட்டங்கள்.

"மலையில வேலை பாக்குறவங்களுக்கு இது எதுக்காகும் ரெனே?" என்று அலுவலகத் தோழியிடம் புலம்பினாள் மார்னி.

"நானும் புகார் எழுதினேன்டி. 'உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்'னு பதில் வந்துச்சு. பிரேம் போட்டு மாட்டி வைக்கவா?" என்றாள் ரெனே.

அமெரிக்காவின் மொன்டானா மலைப்பக்கம், வீட்டிலேயே கண்மூட விரும்பும் நோயாளிகளைப் பார்க்கப் போகும் நர்ஸ் மார்னி. மார்ச் மாதத்தில் ஒருநாள் காலை பத்து மணிக்கு ஐயோனா ஹக்கபி அழைத்தாள். அவள் கணவர் வேர்ல், மரம் ஏற்றும் லாரி ஓட்டியவர். எலும்பில் புற்றுநோய். வலி மாத்திரை தொண்டையில் இறங்கவில்லை. ஊசி மருந்து வேண்டும். வழக்கமாகப் போகும் நர்ஸ் விடுப்பில் இருந்தாள்.

"ஏம்மா, நீ இந்தப் பக்கம் வந்ததில்லையே. வழி சொல்லட்டுமா?"

"வேண்டாங்க, போன்ல இருக்கு. நாப்பது நிமிஷத்துல வந்துடுவேன்."

செயலி அப்படித்தான் காட்டியது.

நெடுஞ்சாலையை விட்டு இடப்பக்கம் திரும்பச் சொன்னது. திரும்பினாள். அது மரம் வெட்டுகிறவர்களின் பாதை. குளிர்காலத்தில் யாரும் போவதில்லை. இரண்டு மைல் உள்ளே போனதும் முழங்காலளவு பனி மறித்தது. திரையிலோ சாம்பல் கட்டங்கள். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. ஐயோனாவுக்குச் சொல்லவும் சிக்னல் இல்லை.

மண்வெட்டியால் ஒன்றரை மணி நேரம் தோண்டினாள். கை கொப்பளித்து ரத்தம் கசிந்தது. நெடுஞ்சாலைக்குத் திரும்பியபோது எதிரே வந்த தபால்காரரை நிறுத்தி வழி கேட்டுக்கொண்டாள்.

வீட்டை அடைந்தபோது மணி ஒன்று பத்து. வேர்ல் இறந்து அரைமணி ஆகியிருந்தது. தலையணைமேல் ஒரு துண்டு கிடந்தது, அதில் பல் பதிந்த தடம்.

"கத்தினாரு," என்றாள் ஐயோனா. "நாப்பத்தஞ்சு வருஷத்துல அந்த மனுஷன் கத்தி நான் கேட்டதில்ல."

மார்னி வாயைத் திறந்தாள். செயலியைப் பற்றிச் சொல்லத்தான் நினைத்தாள். அந்த அறையில் அது வெட்கக்கேடாக இருக்கும் என்று பட்டது.

"வழி தப்பிட்டேன். என் தப்புதான்."

"நாப்பது நிமிஷம்னு அவர்கிட்ட சொன்னேம்மா. கடியாரத்தையே பாத்துட்டிருந்தாரு. அப்புறம் நான் அதக் கழட்டி வச்சிட்டேன்."

ஐயோனா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

நோயாளி இறந்துவிட்டால் மிச்ச மருந்தை வீட்டார் முன்னிலையிலேயே அழித்துவிட வேண்டும் என்பது அலுவலக விதி. மார்னி கொண்டுவந்த மருந்துக் குப்பிகளை ஒவ்வொன்றாக உடைத்து, இனி யாரும் எடுத்துப் பயன்படுத்த முடியாதபடி ஐயோனா நீட்டிய காபிச் சக்கையில் ஊற்றிக் கலந்தாள். காலைக் காபியின் சக்கை. இன்னும் ஈரமாக இருந்தது.

மருந்தை அழித்ததற்கான தாளைக் கையெழுத்துக்கு நீட்டினாள் மார்னி.

"இதுல என்ன எழுதியிருக்கு?"

"ஒண்ணும் உபயோகிக்கலன்னு."

ஐயோனா கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, முழுவதையும் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.