இருபத்தேழாம் எண் சிவப்பு ஸ்டிக்கர்

முகுந்தனை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஒருதலையாகப் பேசுகிறாள் என்று யாரும் குறை சொல்ல வேண்டாம். மலேசியாவில், தெலுக் பங்லிமா காராங் என்ற ஊரில் பிளாஸ்டிக் டப்பா செய்யும் எங்கள் தொழிற்சாலையில் அவன் மனிதவள அதிகாரி. நான் பரீதா. பதினான்கு வருடமாக அங்கே தரச் சோதனையில் நிற்கிறேன்.

பழுதைக் கண்டால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் என் வேலை. அதில் காரணத்தையும் என் எண்ணையும் எழுதிப் பதிவேட்டிலும் குறிக்க வேண்டும். என் எண் இருபத்தேழு. ஒட்டிய பொருளை யாரும் நகர்த்தக் கூடாது. பழுதைச் சரிசெய்த பிறகு, ஒட்டியவரே உரிக்க வேண்டும். முதலாளியே வந்தாலும் கை வைக்க முடியாது.

சூப்பர்வைசர் பதவி காலியாகி நான்கு மாதம். எங்கள் உற்பத்தி லைனை என்னைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆனால் என் மதிப்பீட்டுப் படிவத்தில் முகுந்தன் 'மற்றவர்களோடு கலந்து பழகுவதில்லை' என்று எழுதிவைத்திருந்தான். இரண்டு வருடமாக நான் ஆண்டு விருந்துக்குப் போகவில்லையாம். எப்படிப் போவேன்? தமிழர் மேசை என்று ஒன்றைப் போட்டு, நடுவில் பீர் ஜாடியை வைத்து, அங்கேதான் என்னையும் உட்காரச் சொன்னார்கள். ஹலால் மேசைக்கு மாற்றச் சொன்னால், அது மலாய்க்காரர்களுக்கு, நீங்கள் தமிழ்தானே என்று என்னையே கேட்டான். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பிறந்து, தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் தினமும் ரொட்டி சானாய் தின்று வளர்ந்தவன், தமிழ் முஸ்லிமைக் கண்டதே இல்லையாம்.

இந்த வருடம் தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. விருந்தில் யாரும் விடுபடக் கூடாது, எல்லா இனத்தவரும் சேர்ந்து நிற்கும் படம் வேண்டும். முகுந்தன் என்னிடம் குழைந்துகொண்டு வந்தான். பீர் கிடையாது, சாப்பாடு முழுக்க ஹலால், பாரம்பரிய உடையில் வந்து படத்தில் நின்றால் படிவத்தை மாற்றி எழுதுகிறேன் என்றான். நம்பினேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

விருந்தன்று கிள்ளான் நகர ஓட்டலுக்கு மயில்கழுத்து நிறப் பட்டுச் சேலையும் தலையை மூடும் அதே நிறத் துடோங்கும் அணிந்து போனேன். எங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கு அப்படித்தான் உடுத்துவேன். மேடையில் இனத்துக்கு ஆறு பேராக நிறுத்தினார்கள். லைனில் என்னோடு வேலை செய்யும் குமுதாவின் பக்கத்தில் போய் நின்றேன். முகுந்தன் பட்டியலும் கையுமாக ஓடிவந்தான்.

"அக்கா, துடோங்கோட இங்க நின்னா ஹெட் ஆபீஸ்ல குழம்பிடுவாங்க. அந்தப் பக்கம் போயிடுங்க."

போனேன். பாஜு கூரோங் என்ற நீள அங்கியில் நின்ற மலாய்ப் பெண்கள் சிரித்தபடி நகர்ந்து இடம் கொடுத்தார்கள். மறுபடியும் ஓடிவந்தான்.

"சேலை கட்டிக்கிட்டு பாஜு கூரோங் கூட்டத்துல எப்படிக்கா? கொஞ்சம் கீழ இறங்கிக்குங்க. அப்புறம் கூப்பிடுறேன்."

இருநூறு பேர் பார்க்க இறங்கினேன். குமுதா என்னைப் பார்த்தாள், பிறகு கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்க மாட்டேன். படம் எடுத்து முடிந்தும் யாரும் கூப்பிடவில்லை. ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் வீடு திரும்பினேன்.

திங்கட்கிழமை காலை அந்தப் படம் பெரிதாக்கப்பட்டு, கண்ணாடிச் சட்டத்துக்குள் வாசலில் தொங்கியது. 'ஒருவரும் விடுபடாத ஒரே குடும்பம்' என்று கீழே மூன்று மொழிகளில் எழுதியிருந்தார்கள். பையிலிருந்த ஸ்டிக்கரை எடுத்தேன். காரணம்: எண்ணிக்கை குறைவு, ஒருவர் இல்லை. எண் இருபத்தேழு. கண்ணாடியின் நடுவில் ஒட்டி, விரலால் அழுத்தித் தேய்த்துவிட்டு, பதிவேட்டிலும் எழுதினேன்.

பத்து மணிக்குள் தொழிற்சாலையே வந்து படித்துவிட்டுப் போனது. மதியம் முகுந்தன் வியர்த்து விறுவிறுத்து என் மேசைக்கு வந்தான். மூன்று மணிக்குத் தலைமை அலுவலகத்தார் வருகிறார்கள். அவர்கள் முதலில் புரட்டுவதே ஸ்டிக்கர் பதிவேட்டைத்தான். படத்தைக் கழற்றி ஒளித்தால் விதி மீறல், வைத்திருந்தால் மானக்கேடு. கையில் என் படிவம் இருந்தது. பழைய வரியை அடித்துவிட்டு 'மிக நன்று' என்று எழுதியிருந்தான்.

"சூப்பர்வைசர் வேலை உங்களுக்குத்தான்கா. அதை மட்டும் உரிச்சிடுங்க."

நான்கு மாதமாக நான் கேட்டது அந்தத் தாளைத்தான். பொய் சொல்ல மாட்டேன், மனம் தடுமாறியது. வாங்கி ஒருமுறை முழுவதும் படித்தேன். பிறகு அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

"பதினாலு வருஷத்துல பழுதைச் சரிபண்ணாம ஒரு ஸ்டிக்கரைக்கூட நான் உரிச்சதில்ல, முகுந்தன். இன்னைக்கு உரிச்சா, அப்புறம் நான் எதுக்கு சூப்பர்வைசர்?"

மூன்று மணிக்கு அவர்கள் வந்தபோது படம் வாசலில்தான் இருந்தது. பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, இருபத்தேழு யார் என்று கேட்டார்கள். நான் எழுந்து நின்றேன்.