அவரோடு வேலை செய்தவர்

வின்சென்ற் நோர்வேயின் வடகோடியிலுள்ள ஹம்மர்பெஸ்டில் மாரடைப்பு வந்து இறந்துபோனார் என்று இமெல்டாவுக்குத் தொலைபேசியில் சொன்னவள் எமிலியா. ஆறு வருடங்களாக அங்கே அவரோடு குடும்பம் நடத்தியவள் அவள். அவர்களுக்கு ஐந்து வயதில் ஒரு பெண்பிள்ளை இருந்தது. ஒஸ்லோவில் இதைத் தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான். ஒருத்தி வின்சென்றின் மனைவி இமெல்டா, மற்றவள் மகள் நிலூஜா.

மற்றவர்களுக்கெல்லாம் வின்சென்ற் வடக்கே எரிவாயு ஆலையில் குளிருக்குள் நின்று உழைக்கும் குடும்பத் தலைவர். அப்படித்தான் இமெல்டா சொல்லி வைத்திருந்தாள். தொடக்கத்தில் அது பொய்யாகவும் இருக்கவில்லை. வேலைக்கென்றுதான் போனார், நத்தாருக்கும் ஈஸ்டருக்கும் வந்தார். பிறகு ஒரு ஈஸ்டருக்கு வரவில்லை. பூசை முடிந்து வெளியே வந்தபோது றொஷானி, "எங்கை அண்ணையைக் காணேல்லை?" என்று கேட்டாள். "லீவு குடுக்கேல்லையாம்" என்றாள் இமெல்டா. வாயில் வந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். அடுத்த முறையும் அதையே சொல்ல வேண்டி வந்தது. அதற்கடுத்த முறை யாரும் கேட்காமலே சொன்னாள்.

றொஷானி தமிழ்க் கத்தோலிக்கப் பெண்கள் சங்கத்தின் தலைவி. கெட்ட மனிசி என்று சொல்ல முடியாது. யாருக்காவது சுகமில்லை என்றால் சோறு கறியோடு முதல் ஆளாகப் போய் நிற்பாள். ஆனால் கணவனைப் பிரிந்த ஒருத்தி செபமாலை சொல்ல முன்னுக்கு வந்தபோது, "பிள்ளையள் பாக்குதுகள்" என்று மெதுவாகச் சொல்லி அவளை உட்கார வைத்தவளும் றொஷானிதான். அந்தப் பெண் பிறகு சங்கத்தின் பக்கமே வரவில்லை. அன்றைக்குச் சரியென்று தலையாட்டியவர்களில் இமெல்டாவும் ஒருத்தி.

அதனால்தான் ஒவ்வொரு மார்கழியும் அவள் ரயிலேறி ஒஸ்லோவுக்கு வெளியே ஸ்ட்ரோம்மனுக்குப் போனாள். அங்கே பெரிய கடைத்தொகுதியில், தெரிந்த முகம் ஏதும் தென்படுகிறதா என்று பார்த்துக்கொண்டு, வடகடல் மீன் கருவாடு வாங்குவாள். வீட்டுக்கு வந்து ஒட்டியிருக்கும் விலைச் சீட்டுகளைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிச் சங்கத்துப் பெண்களுக்குக் கொடுப்பாள். "அவர் அனுப்பினவர்" என்பாள். மனிசன் தூரத்தில் இருந்தாலும் எவ்வளவு நினைப்பு என்று அவர்கள் மெச்சுவார்கள். வீட்டுக்கு வரும்போது இமெல்டாவுக்கே அது கொஞ்சம் உண்மைபோல இருக்கும்.

சாவுச் செய்தியை மறைக்க வழியில்லை. அன்று பின்னேரமே வீடு நிறைந்துவிட்டது. றொஷானி சமையலுக்கென்று குசினியைக் கையில் எடுத்துக்கொண்டாள். சங்கத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து இமெல்டாவைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். "உங்களுக்காகத்தானே அந்தக் குளிரிலை கிடந்து செத்தவர்" என்றார்கள். பிறகு எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"எப்ப இஞ்சை கொண்டு வருகினம்?"

எல்லாரும் போன பிறகு நிலூஜா தாயின் அருகில் வந்து அமர்ந்தாள். அவள் மேல்நிலைப் பள்ளியொன்றில் ஆங்கிலம் படிப்பிக்கிறாள்.

"அம்மா, எமிலியாவிட்டைக் கேக்கப் போறியளோ?"

"கேக்காமல் என்ன செய்ய? சனத்துக்கு என்னெண்டு சொல்லுறது?"

"உண்மையைச் சொல்லுங்கோ."

இமெல்டா மேசையில் கிடந்த தேத்தண்ணிக் கோப்பைகளை அடுக்கத் தொடங்கினாள்.

"இந்தத் தவணை விக்டோரியா மகாராணி காலத்து நாவல்கள் படிப்பிக்கிறன்" என்றாள் நிலூஜா. "ஊர் என்ன சொல்லும் எண்டு பயந்து வாழ்நாள் முழுக்கப் பொய்யைக் காவித் திரியிற ஆக்கள்தான் எல்லாத்திலையும். என்ரை மாணவர் கேக்கினம், ஏன் அவை வாயைத் திறந்து சொல்லேல்லை எண்டு. அவைக்கு அது சிரிப்பு. நான் நிண்டு விளங்கப்படுத்திறன். எனக்கு அதைப் புத்தகத்திலை படிக்கத் தேவையில்லை, அம்மா."

"கதை வேறை, இது வேறை."

"ஓம், வேறைதான். அந்தக் கதையளிலை இரண்டாவது பொம்பிளை கடைசியிலை செத்துப்போவா, இல்லாட்டிக் கப்பலேறிப் போயிடுவா. எழுதினவைக்கு அது வசதி. எமிலியா உயிரோடை இருக்கிறா. அவவுக்கும் ஒரு பிள்ளை இருக்கு."

அடுத்த நாள் காலையில், முதியோர் இல்லத்தில் வேலை தொடங்க முன், உடைமாற்றும் அறையில் நின்றபடி இமெல்டா எமிலியாவைக் கூப்பிட்டாள்.

"அவரை இஞ்சை கொண்டு வரவேணும்" என்றாள்.

மறுபக்கம் ஒரு கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

"நான் இஞ்சை இடம் பாத்திட்டன், அக்கா" என்றாள் எமிலியா. "வீட்டிலையிருந்து நடந்து போற தூரம்தான். பிள்ளை போய்ப் பாக்கலாம் எண்டு நினைச்சன்."

"விளங்குது."

"சேர்ந்து இருந்தவ எண்டபடியால் நானும் உரிமை கேக்கலாமாம். அடக்கம் செய்யிற கொம்பனிக்காரர் சொன்னவை."

நீ உரிமையைக் கேள், விட்டுக்கொடுக்காதே என்று இமெல்டாவின் மனம் எமிலியாவிடம் கெஞ்சியது. அவள் மறுத்தால் போதும். சட்டம் விடவில்லை, தூரம், குளிர் என்று றொஷானிக்கு எதையாவது சொல்லிவிடலாம். யாரிடமிருந்தும் எதையும் பறித்ததாக இருக்காது.

"ஆனால் கோயிலிலை தாலி கட்டினது உங்களுக்குத்தானே" என்றாள் எமிலியா. "அவரோடை இருக்கத் தொடங்கின நாளிலையிருந்து நான் பூசையிலை நற்கருணை வாங்கினதில்லை. ஆண்டவருக்கு முன்னாலை எனக்கென்ன உரிமை இருக்கு? கொண்டு போங்கோ, அக்கா."

"வேண்டாம், அங்கையே இருக்கட்டும்" என்று இமெல்டா சொல்லியிருக்கலாம். "நன்றி" என்றாள். சொன்ன பிறகு அந்தச் சொல் அவளுக்கே கூசியது.

அடக்கத்துக்கு எமிலியா தனியாக வந்தாள். பிள்ளையை அயல்வீட்டில் விட்டுவிட்டு வந்ததாக நிலூஜாவிடம் சொன்னாள். கறுப்புக் குளிரங்கியோடு கோயிலின் கடைசி வாங்கில் அமர்ந்தாள். சாதாரணமான முகம், மீன் தொழிற்சாலையில் வேலை செய்து வெடித்த கைகள். சுவாமியார், பிரிந்திருந்தும் பிரியாத தம்பதியர் என்று பிரசங்கம் வைத்தார். நற்கருணை நேரத்தில் இமெல்டா எழுந்து போய், எல்லாரும் பார்க்க, நாக்கை நீட்டி வாங்கிக்கொண்டாள். திரும்பி வரும்போது கடைசி வாங்கில் எமிலியா எழுந்திருக்காமல் தலை குனிந்திருப்பது தெரிந்தது. அப்பம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

மண்டபத்தில் சாப்பாடு நடக்கும்போது றொஷானி கேட்டாள்: "அங்கை நிக்கிறது ஆர், இமெல்டா?"

"ஹம்மர்பெஸ்டிலை அவரோடை வேலை செய்தவ."

சொல்லி வாய் மூடவில்லை, எமிலியா காது கேட்கும் தூரத்தில் நிற்பதைக் கண்டாள். றொஷானி உடனே எமிலியாவைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து தட்டில் சோறு போட்டாள். "எங்கடை அண்ணை அங்கை என்னெண்டு இருந்தவர்? ஆர் சமைச்சுக் குடுத்தது?" என்று கேட்டாள்.

எமிலியா ஒரு கணம் இமெல்டாவைப் பார்த்தாள்.

"தனியத்தான் சமைச்சவர்" என்றாள்.

"வருசா வருசம் எங்களுக்குக் கருவாடு அனுப்பிறவர். மறக்கவே மாட்டார்."

"ஓம்" என்றாள் எமிலியா. "அவர் தானே பாத்துத் தெரிஞ்செடுக்கிறவர்."

நிலூஜா தட்டை வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். இமெல்டாவால் அங்கிருந்து அசைய முடியவில்லை. ஒருவர் வந்து கையைப் பிடித்தார், அடுத்தவர் வந்து கட்டிப்பிடித்தார். கூட்டம் குறைந்து பார்க்கும்போது எமிலியா விமானத்துக்குப் போய்விட்டிருந்தாள்.

கோடையில் ஒரு நாள் எமிலியாவிடமிருந்து அழைப்பு வந்தது.

"பிள்ளை ஓயாமல் கேக்குது, அக்கா. ஒருக்கா கூட்டிக்கொண்டு வரட்டோ?"

"வாங்கோ" என்றாள் இமெல்டா. அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். பூசை முடிய சங்கத்து ஆக்கள் என்னோடை கல்லறைக்கு வாறவை."

"சரி, அக்கா. கிழமை நாளிலை வாறம்."

அவர்கள் புதன்கிழமை வந்து போனார்கள். இமெல்டா லீவு எடுக்கவில்லை. அன்று முழுக்க முதியோர் இல்லத்தில் ஒவ்வொரு அறையாகப் படுக்கை விரித்தாள். பின்னேரம் ரி-பானே சுரங்க ரயிலில் வரும்போது தான் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கல்லறையில், பூக்களுக்குப் பக்கத்தில், உருண்டையான கடற்கல் ஒன்று இருந்தது. அதில் நீல வர்ணத்தில் ஒரு மீன் வரைந்திருந்தது. செதில்கள்கூட ஒவ்வொன்றாகப் போட்டிருந்தது.

"ஆரோ சின்னப் பிள்ளையள் விளையாடிப்போட்டு விட்டிட்டுப் போயிருக்குதுகள்" என்றாள் றொஷானி. குனிந்து அதை எடுத்து வேலிப் பக்கமாகப் போட்டாள். கைகளைத் தட்டிக்கொண்டு, "தொடங்குவமோ?" என்று கேட்டாள்.

இமெல்டா வேலியைப் பார்த்தாள். எல்லாரும் அவளுக்காகக் காத்து நின்றார்கள். அவள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு செபத்தைத் தொடங்கினாள்.