அத்தானுக்கு ஒரு திகதி

தம்பி மோர்மன் சபையில் சேர்ந்ததைக்கூடக் கமலாம்பிகை பொறுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அவன் மல்லித்தண்ணி கொடுப்பதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. அவர்களுடைய சபையில் தேத்தண்ணி, கோப்பி இரண்டும் கூடாதாம். தான் குடிக்காவிட்டால் போகட்டும், வருகிற சனத்தை ஏன் காய்ச்சல்காரர் ஆக்குவான்? சாமான் கடை வசந்தமலர் ஒருநாள் வந்து ஒரு வாய் குடித்துவிட்டு, வீட்டில் ஆருக்குச் சுகமில்லை என்று கவலையோடு விசாரித்தாள். அதற்குப் பிறகு ஒரு கிழமை அந்தக் கடைப் பக்கம் போகவே கமலாம்பிகைக்கு வெட்கமாக இருந்தது.

இராஜேந்திரன் நல்லவன். அதுதான் கரைச்சல். கெட்டவனென்றால் நாலு பேச்சுப் பேசிவிட்டுத் தனியறை பார்த்துக்கொண்டு போயிருப்பாள். எண்பத்தைந்தில் இலண்டனுக்கு வந்து, பெற்றோல் ஸ்டேஷனில் மாறி மாறி ஷிப்ட் செய்து, தொண்ணூற்றிரண்டில் அக்காவை நோர்பரி வீட்டுக்கு எடுப்பித்தவன். நாற்பத்திரண்டு வயதாகியும் கலியாணம் இல்லை. வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியும் பெயர்ப்பட்டயமுமாக இரண்டு அமெரிக்கப் பெடியள் ஒரு மழை நாளில் கதவைத் தட்டினார்கள். பத்தொன்பது வயதுப் பெடியள், பெயருக்கு முன்னால் மட்டும் மூப்பர் என்று பட்டம். நனைந்துபோய் நிற்கிறார்கள் என்று இவன் உள்ளே கூப்பிட்டான். ஒரு வருடத்துக்குள் தண்ணீரில் முங்கி எழும்பி அவர்களில் ஒருவனாகிவிட்டான்.

இனி எத்தனை பெண்டாட்டி என்று சனம் பகிடி பண்ணியது. சபை அந்த வழக்கத்தைக் கைவிட்டு நூறு வருடமாகிறது என்று அவன் ஒவ்வொருவரையும் மறித்து வைத்து விளக்கம் சொன்னான். ஒன்றுக்கே வழியில்லாதவனுக்கு இந்த விளக்கம் எதற்கு என்று அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிறு ஷிப்ட் செய்யமாட்டேன் என்றான். மாதத்தின் முதல் ஞாயிறு முழுப்பட்டினி. அவள் விரதம் வெள்ளிக்கிழமை. இரண்டு பேர் இருக்கிற வீட்டில் இரண்டு விரதம். திங்கள் பின்னேரம் குடும்பமாக இருந்து பேசவேண்டும் என்று சபை சொல்லியிருந்ததால், தொலைக்காட்சியை நிற்பாட்டி அவளை எதிரில் இருத்திவைத்து வேதம் வாசித்தான். ஒரு வருடத்துக்குச் சாப்பாடு சேர்த்து வைக்கவேண்டும் என்றும் சபை சொல்லியிருந்தது. மாடிப்படிக்குக் கீழே மா மூட்டையும் பருப்பும் டின் மீனும் ஏறிக்கொண்டே போயின. தூசி உறிஞ்சுகிற ஹூவரை எடுக்கப் போய் இரண்டு தரம் காலில் அடிபட்டாள்.

போன ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துச் சனம் முழுக்கப் பெட்டி படுக்கையோடு தென்மராட்சிப் பக்கம் நடந்த செய்தியை ரேடியோவில் கேட்டுவிட்டு, இதெல்லாம் கடைசி நாட்களின் அடையாளம் என்றான். அவள் ரேடியோவை நிற்பாட்டினாள். அவனுக்குக் கடைசி நாட்கள் இனிமேல்தான் வரவேண்டும். அவளுக்கு அது தொண்ணூறாம் ஆண்டு ஓகஸ்ட் பதினோராம் திகதியே வந்து போய்விட்டது.

அன்றைக்குத்தான் அவள் புருஷன் பாலேந்திராவைத் தபாற்கந்தோரிலிருந்து வருகிற வழியில் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். யாருடைய ஜீப் என்பதில் ஆளுக்கொரு கதை. அதன் பிறகு ஆளும் இல்லை, உடம்பும் இல்லை, ஒரு வரிக் கடிதமும் இல்லை. விசா கேட்டுக் குரோய்டன் கந்தோருக்குக் கொடுக்கிற கடதாசியில் விதவை என்று போட்டால் அலுவல் சுகமாக முடியும் என்று லோயர் சொன்னார். அவள் காணாமற்போனவர் என்றுதான் எழுதுவித்தாள். பென்ஷன் விஷயமாக ஊரிலிருந்து மரணச் சான்றிதழ் கேட்டு எழுதினார்கள். பதிலே போடவில்லை. அந்த மனிதரைச் சாகடிக்க இத்தனை பேருக்கும் என்ன அவசரம் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. அவள் கையெழுத்து வைக்காத வரைக்கும் அவர் எங்கேயோ இருந்துகொண்டுதான் இருந்தார்.

தொண்ணூற்றாறு ஜூனில் ஒரு திங்கட்கிழமை இராஜேந்திரன் வேதப் புத்தகத்துக்குப் பதிலாக ஒரு கட்டுக் கடதாசியோடு வந்து இருந்தான். நாலு தலைமுறைப் பெயர்கள் வேண்டுமாம். ஒருமாதிரிப் புத்தி வந்துவிட்டது என்று அவளுக்குச் சந்தோஷம். அப்பா, அம்மா, அப்பப்பா, அவருடைய தகப்பன் என்று பிறந்த வருடம் செத்த வருடத்தோடு ஒப்புவித்தாள். எல்லாம் எழுதி முடிந்த பிறகுதான் எதற்கு என்று கேட்டாள். முதலே கேட்டிருக்கவேண்டும்.

செத்தவர்களுக்கு ஞானஸ்நானமாம். இலண்டனுக்குத் தெற்கே, ஒரு மணித்தியாலக் கார் ஓட்டத்தில் அவர்களுடைய கோயில் இருக்கிறது. அங்கே உயிரோடிருக்கிற ஒருவர் செத்தவரின் பேரில் தண்ணீரில் முங்கி எழும்புவார். செத்தவருக்கு விருப்பமென்றால் ஏற்றுக்கொள்ளலாம், இல்லையென்றால் விடலாம், கட்டாயமில்லை என்று பெரிய மனதோடு சொன்னான்.

"அப்பப்பா வேதக்காரர் வீட்டுக் கிணத்தில தண்ணி குடியாத மனுசன்," என்றாள் கமலாம்பிகை. "அவரையே பிடிச்சு முக்கப்போறாய்?"

கட்டாயமில்லை என்று மறுபடியும் ஆரம்பித்தான். அப்பப்பா எதையும் பேசாமல் விட்ட ஆளில்லை. மேலுலகத்தில் போய் அவருடைய கதவைத் தட்டப்போகிறவர்களை நினைக்க அவளுக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

அப்போதுதான் அவன் கட்டின் அடியிலிருந்து இன்னொரு படிவத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தான். கிட்டடியில் செத்தவர்களென்றால் நெருங்கிய உறவு சம்மதித்துக் கையெழுத்து வைக்கவேண்டும் என்று மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். பேனையைத் திறந்து பக்கத்தில் வைத்தான்.

"அத்தானுக்கும் செய்வம் எண்டு நினைச்சன், அக்கா."

அவள் திட்டத் தொடங்கினாள். குரோய்டன்காரரும் பென்ஷன்காரரும் கேட்டுக் கொடுக்காததை அவனுடைய சபைக்குக் கொடுக்கவோ என்று கேட்டாள். ஒரே வயிற்றில் பிறந்தவனே வந்து பேனையை நீட்டுவான் என்று தான் கனவிலும் நினைக்கவில்லை என்றாள். கிழிக்கிறதற்காகத்தான் படிவத்தைக் கையில் எடுத்தாள். எடுத்தபோது கண்ணில் பட்டது. பெயர் சரி. பிறந்த திகதி சரி. இறந்த திகதி என்ற இடத்தில் தொண்ணூறாம் ஆண்டு ஓகஸ்ட் இருபது என்று இருந்தது.

இவனுக்கு எதுதான் நேராக வரும் என்று அவளுக்கு அலுத்துப்போனது. "கொண்டுபோனது பதினோராம் திகதி. அதுகூட ஞாபகமில்லையோ உனக்கு?"

அவன் பேனையை எடுத்து மூடினான். அவள் விரலை அந்த இடத்தில் வைத்துக்கொண்டு மறுபடியும் கேட்டாள்.

"அது சரியான திகதிதான், அக்கா," என்றான்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். அத்தானின் கந்தோரில் வேலை செய்த ஞானரட்ணத்தையும் அதே கிழமை பிடித்து அதே இடத்தில் வைத்திருந்தார்களாம். அவர் எப்படியோ வெளியில் வந்து, தொண்ணூற்றொன்றில் கனடா போய்ச் சேர்ந்து, இலக்கம் தேடி எடுத்து இராஜேந்திரனுக்கு ரெலிபோன் பண்ணினார். அத்தான் அங்கே ஒன்பது நாள்தான் உயிரோடு இருந்தாராம். கடைசி நேரத்தில் ஞானரட்ணம்தான் பக்கத்தில் இருந்தவர். சொன்னால் அக்கா பிளேனில் ஏறமாட்டாள் என்று இவன் சொல்லவில்லை. வந்த பிறகு விசா கிடைக்கட்டும் என்று விட்டான். விசா வந்த வருடம் அவளுக்கு ஒப்பரேஷன். அதற்குப் பிறகு எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் போய்விட்டது.

"இப்ப மட்டும் ஏன் எழுதினாய்?"

"கோயிலுக்குக் குடுக்கிற ஃபோமில பொய் எழுத ஏலாது, அக்கா."

"கடதாசிக்குப் பொய் சொல்ல ஏலாது," என்றாள் அவள். "எனக்குச் சொல்ல ஏலும்."

அவனை அறையவேண்டும் போல இருந்தது. ஐந்து வருடம் தெரிந்து வைத்திருந்தான். ரெலிபோன் அடித்தபோதெல்லாம் கையைத் துடைத்துக்கொண்டு ஓடியதை இவன் பார்த்துக்கொண்டுதானே இருந்தான். பஸ்ஸில் முன்சீற்றில் யாராவது அவரைப் போல வழுக்கைத் தலையோடு இருந்தால் இறங்கும்போது திரும்பி முகத்தைப் பார்ப்பாளே, அதையும் பார்த்திருக்கிறான். நல்லவன் செய்கிற அநியாயத்தை எந்தக் கந்தோரில் போய் முறையிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அவன்தான் அழுதான். படிவத்தைக் கிழித்துப்போடுகிறேன், என்னை வாய்க்கு வந்தபடி பேசுங்கோ என்றான்.

அவள் படிவத்தை அவனிடம் கொடுக்கவில்லை.

"காலமையோ, பின்னேரமோ?" என்று கேட்டாள்.

அவனுக்கு விளங்கவில்லை.

"அவர் போனது. நேரம் தெரியாமல் எப்பிடித் திதி பாக்கிறது?"

விடியப்பறம், வெளிச்சம் வர முதல் என்று ஞானரட்ணம் சொன்னாராம். அவள் வாய்க்குள் கணக்குப் பார்த்தாள். சூரியன் எழும்ப முதல் என்றால் முதல்நாள் கணக்கு. பஞ்சாங்கம் பார்க்கவேண்டும், ஐயருக்குச் சொல்லவேண்டும். விரலை மடித்து வருடங்களை எண்ணிக்கொண்டு வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டுத் தம்பியைப் பார்த்தாள்.

"ஐஞ்சு திவசம்," என்றாள். "ஐஞ்சு திவசத்துக்கும் அந்த மனுசன் பசியோட வந்து நிண்டிருக்கும். ஒரு பிடி சோறு வைக்க நீ என்னை விடேல்லை."