சந்தனம் இட்ட சில்லு

ஈப்போவை அடுத்த லகாட்டில், ஈயம் தோண்டி முடித்துக் கைவிட்ட லம்பத்தின், அந்தப் பழைய சுரங்கக் குழியின், ஓரத்தில் ஒரு பட்டறை இருந்தது. அங்கே மழையைச் செய்தார்கள். மேலே குழாயிலிருந்து துளி துளியாய் விழும். கீழே நீளமான இரும்புக் கை ஒன்று கண்ணுக்கே தெரியாத வேகத்தில் சுழலும். கையின் இரு நுனியிலும் கண்ணாடி மாதிரி ஒவ்வொரு சில்லு. இருட்டிலும் சூட்டை வைத்தே ஆளைக் கண்டுகொள்ளும் கருவியை விமானத்தின் மூக்கில் வைப்பார்கள் அல்லவா, அதற்கு ஜன்னல் அது. பறக்கிற வேகத்தில் மழைத்துளிகூடக் கல்லாய் அடிக்கும். ஜன்னல் தாங்குமா என்று பார்ப்பதுதான் அங்கே வேலை.

சில்லைத் துடைத்து மாட்டுகிறவள் நல்லம்மாள். சுங்காய் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவள், தோட்டம் கைமாறிய பிறகு ஈப்போவுக்கு வந்துவிட்டாள். இன்ஜினியர் ஸ்கந்தராஜா இரண்டு வருடமாய் மண்டையை உடைத்துக்கொண்டு, சில்லுக்கு ஒரு மேல்பூச்சு கண்டுபிடித்திருந்தார். மறுநாள் அது வெளிநாட்டுச் சில்லோடு எதிரெதிரே சுழலப்போகிறது. தோற்றால் அவருடைய ஆராய்ச்சியை மூடிவிடப்போவதாக மேனேஜர் சொல்லியிருந்தார்.

அன்று ஆயுத பூசை. மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்த நல்லம்மாள், யாரும் பார்க்காதபோது ஸ்கந்தராஜாவின் சில்லுக்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்தாள்.

காலையில் அது காய்ந்து பிடித்திருந்தது. துணியால் அழுத்தித் துடைத்து, விளக்கில் பிடித்துப் பார்த்தாள். பொட்டு இருந்த இடமெல்லாம் மயிரிழையாய்க் கீறல். சந்தனத்தோடு அரைத்த கல்லின் பொடியும் வந்திருக்கிறது. கீறல் விழுந்த சில்லு மழையில் எப்படிப் பிளக்கும் என்று அவள் பார்த்திருக்கிறாள்.

வாயை மூடிக்கொண்டால் பழி மேல்பூச்சுக்குப் போகும். சொன்னால் அவள் வேலை போகும்.

"என்னக்கா, மழைக்கு முன்னாடியே நனைஞ்சிட்டே?" என்று அவள் வியர்வையைப் பார்த்து மோட்டார்காரன் சன்னாசி சீண்டினான். அவள் நேராக ஸ்கந்தராஜாவிடம் போனாள்.

"சார், உங்க சில்லுக்குப் பொட்டு வச்சேன். தொடைக்கையில கீறிடுச்சு. அதை ஓட்டாதீங்க சார்."

அவர் பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார்.

"மற்றச் சில்லுக்கும் வச்சனீங்களோ?"

"இல்ல சார். உங்களோடதுக்கு மட்டுந்தான்."

அவர் முகத்தில் கோபம் வரப் பார்த்தது. வழியில் எங்கேயோ நின்றுவிட்டது. மேனேஜரிடம் போய், சில்லு தம் கையிலிருக்கும்போது கீறிவிட்டது, புதிதாய்ப் பூச அவகாசம் வேண்டும் என்றார். மேனேஜர் போட்ட சத்தம் சன்னாசியின் மோட்டார் அறைவரை கேட்டது. ஆனாலும் அவகாசம் கிடைத்தது.

தீபாவளி கழிந்து புதுச் சில்லு வந்தது. மழை அறைக் கதவை மூடுமுன் ஸ்கந்தராஜா திரும்பினார்.

"நல்லம்மாக்கா, இண்டைக்குப் பொட்டு இல்லையோ?"

"தண்ணித் தொட்டிக்கு வச்சிட்டேன் சார். மழைகிட்டயே சொல்லியாச்சுலா."

இரும்புக் கை சுழன்று நின்றது. வெளிநாட்டுச் சில்லில் அம்மைத் தழும்பு போலக் குழி. அவருடைய சில்லை நல்லம்மாள் ஒற்றியெடுத்து விளக்கில் பிடித்தாள். ஓரத்தில் மட்டும் மூச்சுப் பட்டாற்போல் லேசான மங்கல். நடுவில் ஒரு குறையும் இல்லை.

ஸ்கந்தராஜா ஈரம் பட்ட மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். சில்லுக்கென்று வைத்திருந்த மெல்லிய துணியை நல்லம்மாள் நீட்டினாள்.