லோகாவின் விக்கலுக்குச் சொந்தக்காரர்

1

இந்தக் கதை எனக்கு விக்கலில் கிடைத்தது. பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் பஸ்ஸில், திருப்பாலைவனம் தாண்டியதும் விக்கல் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் காலி மீன்கூடையை மடியில் வைத்திருந்த அம்மா, "யாரோ உன்ன நெனைக்கிறாங்கப்பா. பேரைச் சொல்லிப் பாரு. சரியான ஆளுன்னா டக்குனு நின்னுடும்" என்றார். மனைவி பேரைச் சொன்னேன், நிற்கவில்லை. மகள் பேரைச் சொன்னேன், நிற்கவில்லை. (இதை என் வீட்டில் யாரும் சொல்ல வேண்டாம்.) கடைசியில், கதை கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்த பத்திரிகை ஆசிரியர் பேரைச் சொன்னேன். நின்றேவிட்டது.

"இதே விக்கலாலதான் எங்க ஊருப் பொண்ணு ஒண்ணு சினிமால பெரிய பாட்டுக்காரி ஆச்சு" என்றார் அந்த அம்மா. இறங்குவதற்குள் பாதிக் கதை சொன்னார். மீதி என் புளுகு.

2

முதல் தொடக்கம்: "ஏரியில் பூநாரைகள் இறங்கிய ஒரு மாலையில்…"

வேண்டாம். பழவேற்காடு என்றாலே பூநாரையை இறக்கிவிடுவது எழுதுகிறவர்களுக்கு ஒரு வியாதி.

இரண்டாவது: "இசை என்பது மூச்சின் ஒழுங்கு என்றால், விக்கல் என்பது அந்த ஒழுங்கின் மீதான…"

இதை எழுதிய கையை நானே அடித்தேன்.

மூன்றாவது: லோகாம்பாள் பழவேற்காடு ஏரிக்கரைத் தோணிரேவு கிராமத்தில் பிறந்தாள். அப்பா தாமோதரன் ஏரியில் இறால் பிடிப்பவர், அம்மா கோவிந்தம்மா அதை விற்பவள். சினிமாவில் பாடப் போகிறேன் என்று அவள் மீஞ்சூரில் ரயிலேறக் கிளம்பியபோது, தாமோதரன் சொன்னது ஒரே வார்த்தை: "போ." அதற்கப்புறம் அவளிடம் நேராகப் பேசியதில்லை. எப்போதாவது அவள் ஊருக்கு வந்து எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாலும், பெண்டாட்டியைப் பார்த்து, "அதுக்குக் குழம்பு ஊத்து" என்பார்.

இது சுமார்தான். ஆனால் ஓடும்.

3

சென்னையில் லோகா முதலில் கோரஸில் நின்றாள். பிறகு ட்ராக் பாடினாள். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அந்தத் துண்டுதான் ட்ராக் பாடகி. பெரிய பாடகி வந்ததும் துண்டை எடுத்துவிடுவார்கள். அப்படி ஒரு காதல் பாட்டுக்குத் துண்டாகக் கிடந்தபோது, சரணத்தின் நட்டநடுவில் அவளுக்கு ஒரு விக்கல் வந்தது. வேலை போச்சு என்று நடுங்கினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இசையமைப்பாளர் துள்ளிக் குதித்தார்.

"அத அழிச்சிடாதீங்க! அதுதான்யா பாட்டே!"

பெரிய பாடகி வந்தார். தண்ணீர் குடிக்காமல், காரம் தின்று, மூச்சடக்கி, என்னென்னவோ செய்து பார்த்தார். அப்படி ஒரு விக்கல் அவருக்கு வாய்க்கவில்லை. லோகாவின் குரலே படத்தில் வந்தது.

பாட்டு ஓடிய ஓட்டம்! கல்யாண வீடுகளில் விக்கினார்கள். காலேஜ் பஸ்களில் கூட்டாக விக்கினார்கள். அதன்பிறகு லோகா எத்தனையோ பாட்டுப் பாடி விருதெல்லாம் வாங்கினாள். ஆனால் மேடையேறினால் "விக்கல் பாட்டு!" என்றுதான் கத்துவார்கள். அவளும் அந்த இடம் வந்ததும் பொய்யாக விக்குவாள். (பொய் விக்கல் லேசில்லை. செய்து பாருங்கள், ஆளில்லாத இடத்தில்.)

ஒரு டிவி பேட்டியில் அதைப் பற்றிக் கேட்டார்கள். "அன்னிக்கு எங்க ஊர்ல யாரோ என்னை நெனைச்சிருக்காங்க. யாருன்னு தெரிஞ்சா கால்ல விழுவேன்" என்றாள். பேர் சொல்லவில்லை. அவள் மனசில் இருந்தது ஒரே ஒரு ஆள்தான்.

4

பேட்டி வந்த அன்றைக்கே தோணிரேவில் தகராறு. ஐஸ் கடை தருமலிங்கம், "நான்தான் நெனைச்சேன்" என்றார். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த அம்பிகா, "நீ இன்னாத்துக்கு நெனைக்கிற? நான்தான்" என்றாள். லோகாவை நேரில் பார்த்தேயிராத ஊர் மாப்பிள்ளை ஒருவரும் வரிசையில் வந்து நின்றார். பாட்டுப் பதிவான நாள் எதுவென்று ஒருவருக்கும் தெரியாது. அதை யாரும் ஒரு குறையாக நினைக்கவில்லை.

ஏரியில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதை அங்கே சீட்டுக் குலுக்கித்தான் தீர்ப்பார்கள். அந்த முறைக்குப் 'பாடு' என்று பேர். (பாடகி கதையில் இப்படி ஒரு சொல் வந்து விழுந்தால் எழுத்தாளனுக்குக் கை அரிக்கும். அரிக்கட்டும்.) ஏரிக்கே சீட்டுப் போடுகிற ஊர் விக்கலுக்குப் போடாதா? அம்மன் திருவிழாவுக்கு லோகா பாட வருவதாக இருந்தது. சீட்டு விழுந்தவருக்கு மேடையில் நாற்காலி, பொன்னாடை என்று முடிவானது.

லோகா அம்மாவுக்குப் போன் போட்டாள். "ஏம்மா, நைனா பேரு குடுத்தாரா?"

"அத்த ஏன் கேக்கற? 'நான் எதுக்கு அத நெனைக்கிறேன், நான் எறாலப் பத்தி நெனைச்சிக்கினு இருந்தேன்'னு சொல்லுது."

போனை வைத்துவிட்டு லோகா அழுதாள். இத்தனை விருது வாங்கியும் இறாலிடம் தோற்றுவிட்டாளே.

[இங்கே எனக்குத் தாமோதரன் மேல் சந்தேகம். வாயைத் திறக்காத அப்பன், உள்ளுக்குள் பாசம், நாம் பார்க்காததா? சித்தப்பாவாக மாற்றிப் பார்த்தேன், கதை நொண்டியது. சாகடித்துப் பார்த்தேன், அடுத்த பத்தியில் வலையோடு வந்து நின்றார். விட்டுவிட்டேன்.]

5

சீட்டு தருமலிங்கத்துக்கு விழுந்தது. திருவிழா அன்று பொழுது சாயும் நேரம், மேடையில் லோகா சொன்ன சொல் தவறாமல் அவர் காலில் விழுந்தாள். கூச்சப்பட்டு அவரும் குனிய, இருவர் தலையும் முட்டிக்கொண்டன. ஊரே விசிலடித்தது. தாமோதரன் மட்டும் கூட்டத்தின் கடைசியில், ஜெனரேட்டர் பக்கத்தில், மேடைக்கு முதுகைக் காட்டி நின்றார்.

பாட்டு தொடங்கியது. முதல் வரியிலேயே விக்கல். கைதட்டினார்கள். இரண்டாவது வரியில் இன்னொன்று. மூன்றாவதில் வாத்தியக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். இது பொய் விக்கல் இல்லை.

"யாரோ நெனைக்கிறாங்க! பேரைச் சொல்லும்மா!" என்று கூட்டத்தில் கத்தினார்கள்.

"என் பேரைச் சொல்லு" என்று தருமலிங்கம் எழுந்தார்.

"தருமலிங்கம் அண்ணே…" விக்!

தருமலிங்கம் உட்கார்ந்தார். பொன்னாடையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. லோகா அடுத்து அம்பிகாவின் பேரைச் சொன்னாள், விக்! மாப்பிள்ளை பேரை யாரோ எடுத்துக் கொடுக்க அதையும் சொன்னாள், விக்! "அம்மா" என்றாள், அதற்கும் விக்!

"நான் அடுப்புல பால் வச்சிட்டு வந்துட்டன்டி. அத்தத்தான் நெனைச்சிக்கினு இருந்தேன்" என்றாள் கோவிந்தம்மா, குற்றவாளி மாதிரி.

யாரோ தண்ணீர் நீட்டினார்கள். லோகா வாங்கவில்லை. தண்ணீர் குடித்து நின்றுவிட்டால், யாரால் வந்தது என்று கடைசிவரை தெரியாது.

"நைனா பேரைச் சொல்லு!" என்றது ஊர்.

லோகா வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை வருஷமாக 'ஒருவேளை நைனாவாக இருக்கும்' என்ற நினைப்பிலேயே காலம் தள்ளியிருக்கிறாள். சொல்லி, நிற்காமல் போனால்? அந்த ஒருவேளையும் போய்விடும், அதுவும் ஊர் முன்னால்.

6

முடிவு அ: "நைனா" என்கிறாள். நிற்கிறது. எல்லோரும் அழுகிறார்கள். பத்திரிகை ஆசிரியர் இதைத்தான் கேட்பார்.

முடிவு ஆ: நிற்கவில்லை. ஆத்திரத்தில் "எறால்!" என்று கத்துகிறாள். நின்றுவிடுகிறது. (என் மகளின் யோசனை.)

முடிவு இ: மேடையில் அவள் வாய் திறக்குமுன், ஜெனரேட்டர் பக்கத்திலிருந்து தாமோதரனுக்கு ஒரு விக்…

இதுதான் அழகு. அதனாலேயே எனக்கு நம்பிக்கை வரவில்லை.

7

உண்மையான சிக்கல் வேறு. இந்த நேரத்தில் அவளை நினைத்துக்கொண்டிருப்பது நீங்களும்தான். ஆரம்பத்திலிருந்து விடாமல் நினைக்கிறீர்கள். உங்கள் பேர் அவளுக்குத் தெரியாது. அவள் "நைனா" என்று சொல்லும்போது உங்களால் விக்கல் நிற்காமல் போனால், பழி அந்த மனிதர் தலையில் விழும்.

தாமோதரன் இன்னும் திரும்பவில்லை. ஆனால் கையை நீட்டி ஜெனரேட்டரை அணைத்துவிட்டார். மைக் செத்துவிட்டது. ஜெனரேட்டர் சத்தம் இருந்தால் அவள் சொல்வது அவருக்குக் காதில் விழாது.

லோகா மூச்சை இழுத்துவிட்டாள். வெறும் வாயால்தான் சொல்ல வேண்டும்.

தயவுசெய்து அவளை நினைக்காதீர்கள். அடுப்பைப் பாருங்கள், துணி காயப் போடுங்கள், யாருக்காவது போன் செய்யுங்கள். கொஞ்ச நேரம் அவளை அவர் ஒருத்தரிடமே விட்டுவைப்போம். நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

நீங்கள் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.